ஞானப்பல்லை எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது

மதுரை மேலக்கால் ரோட்டில் கோச்சடைப் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். “அண்ணே, கடவாப் பல்லுக்கிட்ட வீங்கிருச்சு, வாயத் தொறக்க முடியல. ஏதாச்சும் மாத்திர குடுங்க.” கடைக்காரர் வேளைக்கு ஒரு செட் என்று மூன்று நாளைக்கு மாத்திரைகளைப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார். மூன்றாம் நாள் வலி போய்விடும். வலியோடு பல்லின் நினைப்பும் போய்விடும். சில மாதம் கழித்து, பரீட்சையோ வீட்டுக் கல்யாணமோ நெருங்கும் நேரத்தில், அதே இடம் மறுபடி வீங்கும்.

வேறு சிலர் வலி தாங்காமல் நேரே பல் டாக்டரிடம் போய், “இப்பவே பிடுங்கிருங்க” என்று நிற்பார்கள். “வீக்கம் வடியட்டும், பத்து நாள் கழிச்சு வாங்க” என்று டாக்டர் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வீக்கம் வடிந்த பிறகு அவர்களிலும் பலர் திரும்பி வருவதில்லை.

இரு தரப்பாரும் முடிவெடுப்பது பொருந்தாத நாளில். வலி உச்சத்தில் இருக்கும்போது எதையாவது செய்து தொலைக்கத் தோன்றும். வலி போனதும் எதுவும் செய்யத் தோன்றாது. ஞானப்பல்லைப் பற்றிய முடிவை எடுக்க உகந்த காலம் வலி அடங்கிய அடுத்த ஒன்றிரண்டு வாரங்கள்தான். விதிவிலக்குகள் உண்டு. அவை உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில், வாய்க்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஞானப்பல் என்பது மூன்றாவது கடைவாய்ப் பல். பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிறது. அதற்குள் தாடையில் மற்ற பற்கள் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. இடம் கிடைக்காத பல் முன்பக்கம் சாய்ந்தோ, படுத்தோ, எலும்புக்குள்ளேயே புதைந்தோ நின்றுவிடுகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படிச் சிக்கிய ஞானப்பல் ஒன்றாவது இருப்பதாகச் சொல்கிறார்கள். கீழ்த்தாடையில்தான் இது அதிகம்.

முழுக்கப் புதைந்த பல் பல பேருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு தருவதில்லை. பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் நிற்கும் பல்தான் சங்கடம். அதன் தலைமேல் ஈறுச் சதை ஒரு மூடிபோலக் கிடக்கும். அந்தச் சதைக்கும் பல்லுக்கும் நடுவில் சோற்றுப் பருக்கையும் கடலைத் தூளும் போய் உட்காரும். பிரஷ் அங்கே எட்டாது. காற்றுப்படாத அந்தச் சந்தில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகிச் சதை வீங்கும். வீங்கிய சதையை மேல்பல் ஒவ்வொரு கடியிலும் மிதிக்கும். வீக்கம் இன்னும் கூடும். வாய் நாறும், விழுங்கும்போது தொண்டைப் பக்கம் இழுக்கும், தாடைத் தசை இறுகி வாய் முழுதாகத் திறக்காது. டாக்டர் சீட்டில் ‘பெரிகொரோனைட்டிஸ்’ என்று எழுதுவது இதைத்தான்.

ஆனால் ‘ஞானப்பல் இன்ஃபெக்‌ஷன்’ என்று வீட்டில் சொல்லும் எல்லாமே இது அல்ல. ஞானப்பல்லிலேயே சொத்தை விழுந்து வேரடியில் சீழ் கோத்திருக்கலாம். சாய்ந்த பல் முன்னால் உள்ள கடைவாய்ப் பல்லை முட்டி நிற்க, அந்த முட்டுச்சந்தில் உணவு தேங்கி நல்ல பல்லில் சொத்தை விழுந்திருக்கலாம். இதுதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் மெல்லுவதற்கு உண்மையில் உதவும் பல் அதுதான். அரிதாக, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகியிருக்கலாம். ஈறு மட்டும் வீங்கியிருந்தால் காத்திருந்து பார்க்க இடமுண்டு. ஆழமான சொத்தை, வேரடிச் சீழ், பக்கத்துப் பல்லின் அரிப்பு, கட்டி ஆகியவற்றில் காத்திருப்பதற்குப் பெரிதாகக் காரணமில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. பாக்கு, குட்கா, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் பழகிய இளைஞர்களுக்கு வாய் மெல்ல மெல்லச் சுருங்கும். வலியே இல்லாமல், மாதக்கணக்கில், இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் குறுகிவிட்டால் அது ஞானப்பல்லின் வேலை அல்ல. பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உள்தோல் நாராகி இறுகும் நோய் அது. புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று எண்ணிக் கவனிக்க வேண்டியது. பல்லைக் காட்டப் போகிறவர்கள் பாக்குப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி உலகம் முழுக்க நடந்துவரும் விவாதத்துக்கு வருவோம். தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுப்பதா, விட்டுவைப்பதா? அமெரிக்காவில் பதின்பருவம் முடியும்போதே நான்கையும் எடுத்துவிடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஜே ஃப்ரீட்மன் என்ற பல் மருத்துவர் 2007-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் பேரிடமிருந்து 1 கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுகின்றன, அவற்றில் பெரும்பாலானவை எடுக்கத் தேவையில்லாதவை என்பது அவர் கணக்கு. பிரிட்டனில் நைஸ் என்ற வழிகாட்டு அமைப்பு 2000 மார்ச்சில், நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஈறு வீக்கம் முதல்முறை வந்தால், மிகக் கடுமையாக இருந்தாலன்றி, பல்லை எடுக்க அது போதிய காரணம் ஆகாது; இரண்டாம் முறை வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றது. சொத்தை, சீழ், கட்டி இருந்தால் எடுக்கச் சொன்னது.

பிரிட்டனில் அதற்குப் பிறகு நடந்தது நமக்கும் பாடமாகும். எடுக்கும் எண்ணிக்கை முதலில் குறைந்தது. பிறகு மறுபடி ஏறியது. ஞானப்பல் எடுக்க வருபவர்களின் சராசரி வயது 25-லிருந்து 32-க்குப் போனது. முன்னால் உள்ள கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் விழுந்த சொத்தைக்காக வருபவர்கள் பெருகினார்கள். காத்திருந்ததில் பலருக்குப் பல் எடுப்பது தவிர்க்கப்படவில்லை, தள்ளிப்போனது. தொந்தரவில்லாத பல்லை எடுப்பதா விடுவதா என்பதற்கு உறுதியான சான்று கிடையாது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020-இலும் சொன்னது. முடிவை டாக்டரின் அனுபவத்துக்கும் நோயாளியின் விருப்பத்துக்கும் விட்டுவிட்டது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘எடுக்காமல் கவனித்துவரலாம்’ என்ற அறிவுரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் டாக்டரைப் பார்க்கும் ஊருக்குப் பொருந்தும். நம் பக்கம் வலித்தால்தான் பல் டாக்டர். கவனித்துவரலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவரை அடுத்த வீக்கம்வரை யாரும் கவனிப்பதில்லை. ஆகையால், பாதி முளைத்து முன்சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டும் கீழ் ஞானப்பல் ஒருமுறை சீண்டிவிட்டால், ஆண்டுதோறும் காட்டத் தயாராக இல்லாதவர் அதை இளம் வயதிலேயே எடுத்துவிடுவது நல்லது. 25 வயதுக்கு முன் எலும்பு இளக்கமாக இருக்கும், வேரும் முழுதாக நீண்டிராது, புண்ணும் சீக்கிரம் ஆறும். நேராக முளைத்து, பிரஷ் எட்டி, மேல்பல்லோடு பொருந்திக் கடிக்கும் பல்லையோ, முழுக்கப் புதைந்து சும்மா கிடக்கும் பல்லையோ ஒரே ஒரு வீக்கத்துக்குப் பயந்து எடுக்க வேண்டியதில்லை.

வீங்கிய நாளில் என்ன செய்வது? பெரும்பாலோருக்கு அன்று தேவைப்படுவது, அந்தச் சந்தைக் கழுவுவது. டாக்டர் மழுங்கிய ஊசி முனையை ஈறு மூடிக்கு அடியில் விட்டு, சலைன் அல்லது குளோர்ஹெக்சிடின் திரவத்தால் பீய்ச்சிக் கழுவுவார். தேங்கிக் கிடந்தது வெளியே வந்ததுமே பாதி வலி குறைந்துவிடும். மேல் ஞானப்பல் ஈறை மிதித்துக்கொண்டிருந்தால் சில சமயம் அந்த மேல்பல்லை மட்டும் அன்றே எடுத்துவிடுவதும் உண்டு. மேல்தாடை எலும்பு மென்மையானது, பல் எளிதாக வந்துவிடும். வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் தேவை என்பது நம் ஊரில் ஊறிப்போன தவறான நம்பிக்கை. காய்ச்சல், கன்னத்திலோ கழுத்திலோ வீக்கம், வாய் திறக்காமை, நெறிக்கட்டு இருந்தால்தான் அது தேவை. அப்போது அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது தொடக்கூடாது; வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடையில் தரும் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் மளமளவென்று வடியும், சீழ் உள்ளேயே இருக்கும், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையும் எகிறும்.

வலிக்கு வேறு மாத்திரை. ஞானப்பல் எடுத்தவர்களின் வலிதான் உலகெங்கும் புதிய வலி மாத்திரைகளைச் சோதிக்கும் களம் என்பதால் இதில் சான்று நிறைய இருக்கிறது. 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபெனைத் தாமாக எடுக்கக் கூடாது. கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அதன் சத்தான யூஜெனாலைப் பல் டாக்டர்களே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பதும், சுண்ணாம்பும் புகையிலையும் அப்புவதும் சதையை வெந்துபோகச் செய்யும். கன்னத்தில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

வீங்கிய அன்றே பிடுங்கச் சொன்னால் டாக்டர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அழற்சியுள்ள சதையில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. இறுகிய தாடை திறக்காதபோது, எலும்பை ராவி எடுக்க வேண்டிய புதைபல்லை எடுப்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் சிரமம். ‘வீக்கத்தில் பல்லைத் தொட்டால் ஆபத்து’ என்ற பழைய பயம் இதற்குக் காரணமல்ல. வேரடியில் சீழ் கோத்த பல், எளிதாக எடுக்கக்கூடியதாக இருந்தால், அன்றே எடுத்துச் சீழை வடியவிடுவதுதான் இன்றைய மருத்துவம். சீழுக்கு வழிவிடாமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது காலத்தைக் கடத்துவது.

இப்போது விதிவிலக்கு. கீழ் ஞானப்பல்லின் வேர் நாக்கின் அடித்தளத்துக்கும் தொண்டைப் பக்கத்துக்கும் மிக அருகில் இருக்கிறது. அங்கிருந்து சீழ் இறங்கினால் கழுத்தின் தசை இடுக்குகளில் பரவும். நாக்குக்கு அடியில் இருபுறமும் கட்டையாக வீங்கி, நாக்கு மேலே தள்ளி, மூச்சை அடைக்கும் நிலையை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் அதில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்குகிறது, குளிரும் காய்ச்சலும் அடிக்கிறது என்றால் பல் டாக்டரின் சாயங்கால நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அல்லது அரசரடி வழியாக ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் போய், ராஜாஜி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நிற்க வேண்டும். அது இரவு இரண்டு மணியானாலும் சரி. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பரவல் வேகமாக நடக்கும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. பல் வீங்கினால் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீக்கம் வடிந்த வாரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை ஓபிஜி எக்ஸ்ரே. முழுத் தாடையும் ஒரே படத்தில் விழும். அதைக் கையில் வாங்கியதும் டாக்டரிடம் கேட்டு, கீழ்த்தாடைக்குள் ஓடும் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் கண்டுபிடியுங்கள். அவற்றுக்கு நடுவே போவது உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு. ஞானப்பல்லின் வேர் அந்தக் கோட்டை மறைக்கிறதா, வேரின்மேல் கறுத்த பட்டை விழுகிறதா, கோடு வளைந்து ஒதுங்கிப் போகிறதா என்று டாக்டர் பார்ப்பார். இவற்றில் ஒன்று இருந்தால் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் கேட்பார். வேர் நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. எடுத்த பிறகு உதடோ நாக்கோ மரத்துப்போவது நூற்றில் சிலருக்கு நேர்கிறது. நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லும் டாக்டரை நம்பலாம்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பாட்டிமார் மட்டுமல்ல, கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பற்களுக்கு உணர்வு தருவது முகத்தின் முக்கிளை நரம்பு. பார்வையைக் கொண்டுபோவது வேறு நரம்பு. அது கண்ணின் பின்னாலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. பல் எடுப்பதால் பார்வை போகாது.

யாரிடம் எடுப்பது? நேராக நிற்கும் பல்லை எந்த அனுபவமுள்ள பல் டாக்டரும் எடுப்பார். சாய்ந்த, புதைந்த பல்லுக்கு வாய்-முக-தாடை அறுவையில் எம்.டி.எஸ். படித்தவர் வேண்டும். சிறிய மருத்துவமனைகளுக்கு அவர் வாரத்தில் குறித்த நாளில் வந்து போவார். அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பணம் ஒரு தடையென்றால் ராஜாஜி மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது, கிழக்கு வெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் தினம் தினம் புதைபல் எடுக்கும் கைகள் அங்கே உண்டு.

யாரிடம் போனாலும் சுத்தத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. 2023-இல் வாணியம்பாடியில் நடந்ததை அதற்காகவே நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே ஒரு மருத்துவமனையில் பல் சிகிச்சை பெற்றவர்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் சேர்ந்து துருவி, 2025-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். சலைன் பாட்டிலை ஈறை விலக்கும் கருவியாலேயே திறந்து, பஞ்சால் மூடி, அடுத்தடுத்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியதுதான் தொற்று பரவிய வழி. ஒரு பாட்டில் சலைனின் விலை சில பத்து ரூபாய். “சலைன் புதுப் பாட்டிலா டாக்டர்? கருவி ஆட்டோகிளேவ்ல வச்சதா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல டாக்டர் கவரை உங்கள் கண்முன் பிரித்துக் காட்டுவார்.

நாளைத் தேர்வதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்போ, சித்திரைத் திருவிழா நெரிசலிலோ வேண்டாம். நான்கைந்து நாள் வீட்டில் இருக்கக்கூடிய வாரமாகப் பாருங்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு ஒன்று சொல்வேன்: கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும், அப்போது எக்ஸ்ரேக்கும் மாத்திரைக்கும் யோசிக்க வேண்டிவரும், சீண்டிக்கொண்டிருக்கும் பல்லை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கர்ப்பத்தில் வந்தேவிட்டால் நடு மூன்று மாதங்கள் ஓரளவு வசதியானவை. இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இரத்தம் நிற்பதற்குப் பஞ்சும் தையலும் இருக்கின்றன. நிறுத்திய மாத்திரையால் வரும் மாரடைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டவர்களும் சொல்லிவிட வேண்டும்.

அறுவை என்றதும் நடுங்க வேண்டியதில்லை. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தன் கடைவாய்ப் பல்லையே இன்னொருவரை எடுக்கச் சொன்னார். வலியில்லா அறுவையின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1943-இல் சுவீடனில் லிடோகெயின் உருவானது. இன்று நமக்குப் போடும் ஊசியும் அதுவே. ஊசி ஏறும்போது சுருக்கென்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் கீழ் உதடு தடித்ததுபோல் மரக்கும். பிறகு ஈறைக் கீறி விலக்கி, சலைன் பீய்ச்சிக்கொண்டே, சுழலும் முனையால் பல்லைச் சுற்றி எலும்பில் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். பல்லை இரண்டாக வெட்டி, நெம்புகோலால் துண்டு துண்டாக எடுப்பார்கள். அழுத்தமும் ‘கடக்’ என்ற சத்தமும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். தையல் போட்டதும் எழுந்து வீட்டுக்குப் போகலாம், ஆனால் வண்டியோட்ட யாராவது கூட இருக்கட்டும்.

ஆரோக்கியமானவருக்கு எடுக்கும்போது ஆன்டிபயாடிக் தேவையா என்பதிலும் விவாதம் உண்டு. காக்ரேன் தொகுப்பின் 2021 கணக்குப்படி, 19 பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு வரவிருந்த தொற்று தவிர்க்கப்படுகிறது. எலும்பை ராவி எடுத்தவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் டாக்டர் எழுதினால் ஏற்கலாம். எளிதாக வந்த பல்லுக்கு அது வேண்டாம்.

வாயில் வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. குழியில் உறைந்த இரத்தம்தான் புண்ணுக்கு மூடி. முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர்சாதம் போதும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அது கெட்ட அறிகுறி அல்ல. ஆனால் குறைந்துவந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று காதுவரை தெறித்தால், உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும். அதற்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடமே திரும்பிப் போனால், குழியைக் கழுவி யூஜெனால் தோய்த்த திரியை வைப்பார், அன்று இரவே தூங்கலாம். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை பொறுக்காமல் உடனே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்வு திரும்பிவிடுகிறது.